துரை வீட்டுத் தொட்டியில் முளைப்பாரி

முருகையாவைப் பங்களா வாசலில் முட்டி போடவைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்ற சேதியை, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி தர்மலிங்கம்தான் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சொன்னார். நல்ல சேதி சொல்ல அந்த மனுஷன் லயத்துப் பக்கம் வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. செல்லாயி அப்போது வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். மண்வெட்டியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

“எதுக்குங்கய்யா? அவரு என்ன செஞ்சாரு?”

“பூத்தொட்டி எங்கேன்னு கேக்குறான் புதுசா வந்திருக்கிற ஜப்பான்காரன். படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் இருந்திருக்கணும், ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு நின்ன இடத்துல சிமிட்டியில வட்டமா தடம் கெடக்கு. அதைப் பார்த்துட்டான். பங்களாத் தோட்டக்காரன் உன் புருஷன். அவனைக் கேக்காம வேற யாரைக் கேப்பான்?”

“அவரு என்ன சொன்னாரு?”

“‘தாக் தாவு, துவான்’னான். தெரியாதாம். ஒவ்வொரு தாக் தாவுக்கும் ஒரு அறை. நடுவுல நின்ன எனக்கும் சேத்து.” கிராணியின் இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. “பொழுது சாயறதுக்குள்ள தொட்டி படிக்கட்டுக்கு வரணும். வந்துட்டா யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டானாம். வரலைன்னா...” கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனவர் பாதியிலேயே கீழே இறக்கிக்கொண்டார்.

“ஒண்ணும் செய்ய மாட்டான்னு நீங்க நம்புறீங்களா?”

“நான் நம்பச் சொல்லலை புள்ள. சொல்லச் சொன்னான், சொல்லிட்டேன்.” கிராணி லயத்தின் கடைசி வீட்டைப் பார்த்தார். கதவு சாத்தி, சன்னலில் கோணிச் சாக்கு அடித்திருந்த வீடு. “தொட்டி எங்க இருக்குன்னு இந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறக்கலை. இன்னும் எவ்வளவு நேரம் திறக்காம இருப்பேன்னு எனக்கே தெரியாது. அடி வலிக்குது.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார். அவரைத் தப்பு சொல்லிப் பயனில்லை. அந்த வருஷம் யார் வாயை யார் நம்ப முடிந்தது? தின்னத் தவிட்டரிசி கொடுத்தால் கூடப் பிறந்தவனையே காட்டிக் கொடுக்க ஆள் இருந்த காலம்.

அந்தத் தொட்டி துரைசாணியுடையது. தன் ஊரிலிருந்து வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்த சோடி அது. பாட்டன் பூட்டன் காலத்து வேலைப்பாடாம். வெள்ளைப் பீங்கான், விளிம்பெல்லாம் தங்கப் பூச்சு, வயிற்றைச் சுற்றி நீலக் கொடி. கைப்பிடிக்குப் பதில் இரண்டு பக்கமும் கொம்பு சுருண்ட ஆட்டுக்கிடாத் தலை. கீழே சிங்கப் பாதங்கள். நடுவில் அம்மணக்கட்டையாகக் கொழுத்த பிள்ளைகள், முதுகில் றெக்கை, கையில் பூமாலை. அச்சில் வார்த்தது இல்லை, கையால் பிசைந்து ஒட்டியது. அதனால் ஒரு பிள்ளை மாதிரி இன்னொரு பிள்ளை இருக்காது. ஒன்று சிரிக்கும், ஒன்று அழப்போகிற மாதிரி உதட்டைப் பிதுக்கும். உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் செய்தவனின் விரல் அழுத்தின பள்ளம் தட்டுப்படும். அதைத் துணியால் துடைத்து, அதில் பெரணிச்செடி வளர்த்ததுதான் முருகையாவின் வேலை.

ஜப்பான்காரன் சியாம் எல்லையைத் தாண்டிவிட்டான் என்றதும் துரையும் துரைசாணியும் காரில் ஏறிப் பினாங்குப் பக்கம் ஓடினார்கள். அன்றைக்கே சனம் பங்களாவுக்குள் புகுந்தது. மெத்தை, நாற்காலி, திரைச்சீலை, கரண்டி என்று கையில் கிடைத்ததைத் தூக்கியது. எவனோ மெத்தையை இழுத்துக்கொண்டு ஓடியதில் இடிபட்டு ஒரு தொட்டி சாய்ந்தது. ஒரு பிள்ளையின் றெக்கை உடைந்தது. முருகையா அதை மட்டும் கைவண்டியில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“ஊரே அரிசி மூட்டை தூக்கிட்டுப் போவுது, எங்க வீட்டு மகராசன் பூத்தொட்டி தள்ளிட்டு வர்றாரு!” என்று செல்லாயி அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அங்க கெடந்தா உடைச்சிடுவானுங்க. துரை திரும்பி வந்தா குடுத்துடலாம்” என்றான் அவன்.

வந்தது துரை இல்லை. கோலா கெத்தில் பட்டணத்துச் சந்தை முனையில் கொள்ளையடித்தவன் ஒருத்தன் தலையைக் கழியில் குத்தி வைத்திருக்கிறார்கள் என்ற சேதிதான் வந்தது. பார்த்துவிட்டு வந்தவன் சோறு இறங்காமல் கிடந்தான். அன்று சாயங்காலமே லயத்துச் சனம் நாற்காலியை அடுப்பில் வைத்தது, கரண்டியைக் கக்கூஸ் குழியில் போட்டது. பயந்துபோன ஒருத்தன் மட்டும் துரையின் தையல் மெஷினை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒப்படைத்தான். ஒப்படைத்தவனை லாரியில் ஏற்றினார்கள். அதோடு சரி.

தொட்டியை மட்டும் உடைக்கவும் முடியவில்லை, புதைக்கவும் முடியவில்லை. அதற்குள் அதில் அம்மனுக்கு முளை போட்டாகியிருந்தது.

செல்லாயிக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. முருகையா குளிர்காய்ச்சலில் கிடந்தபோது கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. பிழைத்தால் சித்திரைத் திருவிழாவுக்கு மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். ஆள் பிழைத்தான். சித்திரை வந்தபோது சட்டி பானை விற்கும் கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. மற்றப் பெண்கள் ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்குகளில் எருவும் வைக்கோலும் போட்டுப் பயறு விதைத்தார்கள். வேண்டுதல்காரி மங்கில் போடலாமா என்று பேச்சு வந்தது. செல்லாயிக்குத் தொட்டி நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரி வீட்டுச் சாமானை அம்மனுக்கு வைக்கலாமா என்று யாரோ இழுத்தபோது, லயத்தில் மூத்தவளான அழகம்மாதான் தொட்டியைச் சுற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்: “கிடா இருக்கு. சிங்கம் இருக்கு. பிள்ளைங்க பூமாலை வெச்சுக்கிட்டு நிக்குது. இதைவிட வேற என்னா வேணும் அவளுக்கு?”

அதற்குப் பிறகு கடைசி வீட்டில் வைத்துச் சாத்தியாகிவிட்டது. முளைப்பாரி வெளிச்சம் படாமல் வளரவேண்டும். ஆம்பிளை நுழையக்கூடாது. தீட்டு நின்றுபோன அழகம்மா மட்டும் குளித்துவிட்டுப் போய்த் தண்ணீர் தெளிப்பாள். திருவிழா அன்றைக்குத்தான் கதவு திறக்கும். பெண்கள் தலையில் தூக்கிக் கோயிலைச் சுற்றி, ஆற்றில் முளையைக் கரைப்பார்கள். அதற்கு முன்னால் வெயில் பட்டால் தோட்டத்துக்கே அம்மை வரும் என்பார்கள்.

திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது.

செல்லாயி கடைசி வீட்டுக்கு ஓடினாள். அழகம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வெடுக்கு வெடுக்கென்று பேசுகிற பொம்பிளை. லயத்தில் அவளோடு சண்டை போடாதவர்கள் இல்லை.

“கதவைத் தொறங்கக்கா. தொட்டி வேணும்.”

“கிராணி வந்து சொன்னதை நானும் கேட்டேன். தொறக்க மாட்டேன்.”

“அவரைக் கொன்னுடுவான்க்கா!”

“அவன் கொன்னா உன் புருஷன் ஒருத்தன். அவ கொன்னா லயமே போவும். பால்குடிப் பிள்ளைங்க இருக்கு. அம்மை போட்டா மருந்து எங்க இருக்கு இப்ப?”

“முளையை மட்டும் மங்குல மாத்திட்டு...”

“வேரைப் புடுங்குவியா? உன் புருஷனுக்கு வேண்டிக்கிட்ட முளையை நீயே புடுங்குவியா? நல்லா யோசிச்சுப் பேசுடி.”

செல்லாயிக்கே அந்தப் பயம் இருந்தது. ஜப்பான்காரனை நினைத்தால் கழுத்து கூசியது. அம்மனை நினைத்தால் லயத்துப் பிள்ளைகளின் உடம்பில் கொப்புளம் தெரிந்தது. எந்தப் பயத்துக்கு முன்னால் பணிவது என்று தெரியாமல் அழகம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட முடியவில்லை.

“நான் தொட்டியைத் தூக்கிட்டுப் போனா, ‘நீதான் திருடினியா’ம்பான். தையல் மெஷின்காரன் கதிதான். தெரியும். இருந்தாலும் நான் போறேன்க்கா. ஆளை முட்டி போட்டு வெச்சிருக்கான் வெயில்ல.”

அழகம்மா கீரையை உருவுவதை நிறுத்தினாள். பங்களா மேட்டைப் பார்த்தாள்.

“கதவைத் தொறந்தா ஒரு பாரி மட்டும் வெளிய போகாது. அது வழக்கமில்லை. ஒண்ணு வெளிச்சத்துக்கு வந்தா எல்லாம் வரணும்.”

“அதனால?”

“அதனாலன்னா? எல்லாரையும் கூப்பிடுடி. ஊர்வலமாப் போனா அது அம்மன் காரியம். தலை மாத்தித் தலை மாத்தித் தூக்கினா எவ திருடின்னு அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?”

கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார்களா? பிச்சையம்மாள் வரமாட்டேன் என்று கதவைச் சாத்தினாள். ரமணிக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது. அழகம்மா ஒவ்வொரு வாசலாக நின்று சத்தம் போட்டாள். “ஏய் பிச்சை, தொட்டி கிடைக்கலைன்னா அவன் வீடு வீடா எறங்கித் தேடுவான். நீ உள்பாவாடையாத் தைச்சுப் போட்டிருக்கியே துரைவீட்டுத் திரைச்சீலை, அதை எங்க ஒளிப்ப? அவுத்துக் காட்டுவியா?” கதவு திறந்தது. ரமணியின் வயிற்றுவலியும் நின்றது. பாசத்தில் வந்தவள் யாரும் இல்லை. பயத்தில் வந்தார்கள். எப்படியோ வந்தார்கள்.

எல்லாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு நின்றார்கள். அழகம்மா சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “தாயே, நாள் வராம எடுக்குறோம். குத்தம் பாக்காதே. பாக்கணும்னா என்னைப் பாரு” என்று சொல்லிக் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டில் முளை எல்லாம் வெளுத்து, மஞ்சள் பூத்து, விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. தொட்டியில்தான் நன்றாக அடர்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் அது கூசிப் பின்வாங்குகிற மாதிரி செல்லாயிக்குத் தோன்றியது.

பங்களா மேட்டுக்கு ஏறுகிற பாதை வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் தொட்டி தலை மாறியது. முளைப்பாரியைக் கீழே இறக்கக்கூடாது. ஒருத்தி தலையிலிருந்து எடுத்து நேரே இன்னொருத்தி தலையில் வைத்தார்கள். பாட்டு இல்லை. மேளம் இல்லை. ஈரச்சேலை காலில் ஒட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வளைவில் தொட்டி பிச்சையம்மாள் தலையில் இருந்தது. அவள் கால் நடுங்கிய நடுக்கத்தில் முளை எல்லாம் ஆடியது. செல்லாயி பார்த்தாள். போட்டு உடைத்துவிடுவாள் போலிருந்தது.

“எங்கிட்ட குடு பிச்சை.”

“வேணாம்டி, நீதான்னு தெரிஞ்சுடும்...”

“குடு.”

பங்களா வாசலில் காவல் நின்ற சிப்பாய் துப்பாக்கியை நீட்டினான். ஜப்பான் சிப்பாயைக் கண்டால் இடுப்பை வளைத்துக் கும்பிடவேண்டும். வளைக்காதவனுக்கு அறை, சில சமயம் துப்பாக்கிக் கட்டையால் இடி. அது பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். தலையில் முளைப்பாரியோடு எப்படி வளைவது? கீழே வைக்கவும் கூடாது. இது கிளம்பும்போது ஒருத்திக்கும் தோன்றவில்லை. எல்லாரும் மரம் மாதிரி நின்றார்கள்.

சிப்பாய் கத்தினான். ஒருத்தியும் அசையவில்லை. அவன் வந்து முன்னால் நின்ற செல்லாயியை ஓங்கி அறைந்தான். காதில் ஙொய் என்றது. தொட்டி சரிந்தது. பின்னாலிருந்து ஒரு கை வந்து கிடாத்தலையைப் பிடித்துக்கொண்டது. அழகம்மாவின் கை. சிப்பாய் மறுபடி கையை ஓங்கினான்.

செல்லாயி அதைப் பார்க்கவில்லை. அவள் முருகையாவைப் பார்த்தாள். மடக்கிய முட்டிக்குப் பின்னால் ஒரு விறகுக்கட்டையைச் செருகி, கையைப் பின்னால் கட்டிப் போட்டிருந்தார்கள். உதடு கிழிந்து தொங்கியது. அவன் இவளைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். போய்விடு, போய்விடு என்று.

அதற்குள் அதிகாரி படியில் இறங்கி வந்தான். குள்ளமான ஆள். காலில் பூட்ஸ், இடுப்பில் வாள். கிராணி தர்மலிங்கம் பின்னாலேயே வந்து வளைந்து நின்றார். அதிகாரி பெண்கள் வரிசையைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். செல்லாயி முன்னால் நின்றான். தொட்டியின் வயிற்றைத் தடவினான். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவன், றெக்கை உடைந்த இடத்துக்கு வந்ததும் விரலை நிறுத்தினான். ஏதோ கேட்டான்.

“யார் உடைச்சதுன்னு கேக்குறான்” என்றார் கிராணி. அதிகாரி கிராணியைத் திரும்பிப் பார்த்தான். கிராணி வீங்கின கன்னத்தை ஒரு தரம் தொட்டுக்கொண்டு, “பெராங், துவான்” என்றார். மலாயில் ‘சண்டை, ஐயா’ என்று அர்த்தம்.

அதிகாரி யோசித்தான். தலையை ஆட்டினான். சண்டைதான், அதை அவன் மறுக்க முடியாது.

பிறகு அவன் கண் மேலே போனது. முளையைப் பார்த்தான். முகம் மாறியது. கையை நீட்டிக் கொத்தாக ஒரு பிடி பிடுங்கினான். வேரைக் கிள்ளி எறிந்துவிட்டு வாயில் போட்டு மென்றான்.

பெண்கள் வரிசையில் ஒரே மூச்சாக ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அம்மனுக்கு விதைத்ததை, தண்ணீரில் கரைக்கவேண்டியதை, ஒருத்தன் நின்றபடி தின்கிறான். செல்லாயி கண்ணை மூடிக்கொண்டாள். இடி விழும் என்று எதிர்பார்த்த மாதிரி.

இடி விழவில்லை. அதிகாரி சிரித்தான். சமையல்கட்டைப் பார்த்து ஏதோ கூப்பிட்டான். சீனக் குசினிக்காரன் ஓடிவந்து பார்த்துவிட்டு, “தவுகே, துவான், தவுகே” என்றான். சீனர்கள் கீரை மாதிரி வறுத்துத் தின்கிற பயற்று முளை அது.

“அவங்க ஊர்லயும் இதைத் திம்பாங்களாம்” என்று கிராணி தரையைப் பார்த்தபடி சொன்னார். “இங்க வந்து இன்னிக்குத்தான் பாக்குறானாம். தனக்குக் காணிக்கையா கொண்டாந்தீங்கன்னு நினைக்குறான். நல்லாயிருக்காம். தயவுசெஞ்சு யாரும் இல்லேன்னு சொல்லிடாதீங்கம்மா.”

சிப்பாய்கள் கூடையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மங்காக வாங்கிக் கவிழ்த்து முளையைப் பிடுங்கிக் கூடையில் போட்டார்கள். கடைசியில் தொட்டியை இறக்கினார்கள். தரையில் வைத்தார்கள். பிடுங்கினார்கள். ரமணி வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் அழகம்மா குலவை போட்டாள்.

முளையைக் கரைக்கும்போது போடுகிற குலவை. நாக்கைச் சுழற்றி, கண்ணை இறுக்கிக்கொண்டு, அந்தக் கிழட்டுத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம். ஆறு இல்லை, தண்ணீர் இல்லை, இருந்தாலும் சும்மா அனுப்பக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. சிப்பாய்கள் பதறித் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அதிகாரியின் கை வாளுக்குப் போனது. துப்பாக்கி முனை நெஞ்சுக்கு நேரே நின்றபோதும் அழகம்மா நிறுத்தவில்லை. செல்லாயிக்கு வேறு வழி தெரியவில்லை. அவளும் வாயைத் திறந்தாள். சத்தம் முதலில் உடைந்து வந்தது. பிறகு பிச்சையம்மாள், பிறகு எல்லாரும்.

குலவை அடங்கியது. அதிகாரி வாளிலிருந்து கையை எடுத்தான். கிராணியிடம் கேட்டான். கிராணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஹோர்மாட், துவான்” என்றார். மரியாதை செய்கிறார்கள் என்று பொருள். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

முருகையாவை அவிழ்த்தார்கள். அவனால் நிமிர முடியவில்லை. கட்டையை உருவியதும் பக்கவாட்டில் விழுந்தான். செல்லாயி ஓடிப்போய்த் தூக்கினாள். “ஏன் வந்தே? ஏன் வந்தே?” என்றே அவன் முனகினான். பின்னால் கிராணி அதிகாரி சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பயறு மூட்டை அனுப்புவான். வாராவாரம் வெள்ளிக்கிழமை இதே மாதிரி கொண்டாரணும். இதே மாதிரி தலையில தூக்கி, அந்தச் சத்தமும் போட்டு. தோட்டக்காரன் இங்கதான் இருப்பான், பங்களாவுல. கீரை ஒழுங்கா வந்தா அவனுக்கு ஒண்ணும் ஆவாது.”

“வீட்டுக்கு அனுப்ப மாட்டானா?” என்றாள் செல்லாயி.

சிப்பாய் வந்து முருகையாவை அவள் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனான்.

திரும்பும் வழியில் காலி மங்குகள் கையில் ஆடின. தொட்டி பழைய வட்டத் தடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் வந்த பிறகு அழகம்மா காறித் துப்பினாள். “மாட்டுச்சாணியில வளந்தது. நல்லாத் தின்னட்டும்.” யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருத்தியும் பிள்ளைகளின் சட்டையைத் தூக்கி முதுகிலும் வயிற்றிலும் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள்.

பயறு மூட்டை வந்தது. பச்சைப்பயறு, புழு இல்லாத நல்ல பயறு. லயத்தில் பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கு தின்று வயிறு உப்பிக் கிடந்த நேரம். மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒரு கைப்பிடி எடுக்க எல்லாருக்கும் ஆசை இருந்தது. ஒருத்தியும் தொடவில்லை.

செல்லாயி பயறை ஊறவைத்துக் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அழகம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு உள்ளே நின்றாள்.

“இது அம்மனுக்கில்லையேக்கா. எதுக்குக் குளிச்சே?”

“முளை வரணுமில்ல? அழுகிப் போச்சுன்னா யாரு தலை போவும்?”

செல்லாயி பயறை இறக்கி வைத்தாள். வெளியே போனாள். பீப்பாய்த் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினாள். தீட்டு இருக்கிறதா என்று நாட்களை மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டாள். சொட்டச் சொட்ட உள்ளே வந்து சன்னல் சாக்கில் வெளிச்சம் வருகிற ஓட்டையைத் தேடி அடைத்தாள். பிறகு இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்து விதைக்க ஆரம்பித்தார்கள்.